இரண்டாம் பாலத்துக் கைப்பிடியின் இருநூற்றுப் பதினான்கு பொத்தான்கள்

அனுப்புநர்:
தையல்காரர்,
ஆல்டரேஷன் கடை, கடை எண் 4,
வணிக வளாகம், முதல் மாடி,
இரண்டாம் நடைமேம்பாலம் தொடங்கும் இடம்.

பெறுநர்:
செயற்பொறியாளர் அவர்கள்,
பாலங்கள் மற்றும் நடைபாதைகள் பிரிவு,
மாநகராட்சி அலுவலகம்.

பொருள்: நடைமேம்பாலக் கைப்பிடியின் அடிப்பக்கத்தில் இருந்த பொத்தான்கள் கலைப்படைப்பு எனக் கருதி அகற்றப்பட்டமை – அவை கலைப்படைப்பு அல்ல எனத் தெரிவித்தல் – மீண்டும் ஒட்ட எழுத்துமூலம் அனுமதி கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து நான் ஏற்கெனவே அனுப்பிய மூன்று மனுக்களும், அவற்றுக்கு வந்த மூன்று பதில்களும்.

பொறியாளர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

1. நான் மேற்கண்ட முகவரியில் பதினாறு ஆண்டுகளாகக் கடை நடத்திவருகிறேன். கால்சட்டை நீளம் குறைத்தல், இடுப்பைப் பிடித்தல் அல்லது விடுதல், ஜிப் மாற்றுதல் ஆகியவை செய்து தரப்படும். இப்போது புதுத்துணி தைப்பதில்லை. கடைக்கதவைத் திறந்தால் பாலம். பாலம் என்று நான் சொல்வது, நகரின் நடுவே உள்ள கட்டடங்களை முதல் மாடி உயரத்தில் இணைக்கும், இருபுறமும் கண்ணாடி அடைத்து மேலே கூரை போட்ட நடைமேம்பாலத்தை. தாங்கள் கட்டியதுதான், தங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் என் முதல் மனுவுக்கு, "தாங்கள் குறிப்பிடும் ஆற்றுப்பாலம் எங்கள் எல்லைக்குள் வரவில்லை" என்று பதில் வந்ததால் இதைச் சொல்ல வேண்டியதாயிற்று.

2. மனுவின் சுருக்கம் இது. என் கணவருக்குக் கண் தெரியாது. என் கடையிலிருந்து தம் அலுவலகத்துக்கு அவர் தனியாக நடந்து போய் வந்துகொண்டிருந்தார். இப்போது அது முடியவில்லை. முடியாமல் போனதற்குக் காரணம், கலைஞர்களும் சிந்தனையாளர்களும் அடங்கிய ஒரு குழு, தங்கள் துறை, நான் ஆகிய மூன்று தரப்பும். வரும் முப்பதாம் தேதிக்குள் இதற்கு ஒரு வழி பிறக்காவிட்டால் அவர் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவார். அவர் ஒன்று சொன்னால் சொன்னதுதான். இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். இனி விவரம்.

3. என் கணவர் முன்பு இதே கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்தார். ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும்போதே இடுப்பளவைச் சொல்லிவிடுவார். அளவுநாடா எடுப்பதெல்லாம் வந்தவரின் மன நிம்மதிக்காக. ஆறு ஆண்டுகளுக்கு முன் பார்வை மங்கத் தொடங்கி, இரண்டே ஆண்டில் வெளிச்சம் எது, இருட்டு எது என்று மட்டும் தெரியும் நிலைக்கு வந்துவிட்டது. மருத்துவம் குறித்து எங்களுக்குப் புகார் எதுவும் இல்லை. பிறகு ஓர் ஆண்டு பயிற்சி பெற்று, மூன்றாம் பாலத்தின் மறுமுனையில் உள்ள காப்பீட்டு அலுவலகத்தில் தொலைபேசி இணைப்பாளராகச் சேர்ந்தார். காலையில் இருவரும் ஒரே பேருந்தில் வந்து கடையைத் திறப்போம். அங்கிருந்து அவருடைய நாற்காலிவரை அறுநூற்று நாற்பது காலடி. காலையில் போவார், மதியம் சாப்பிடக் கடைக்கு வருவார், திரும்பப் போவார், மாலையில் வருவார். ஒரு நாளைக்கு நான்கு நடை, நான்கும் தனியாக.

4. அவரிடம் மடக்குக் கோல் ஒன்று இருக்கிறது. பையைவிட்டு வெளியே வராது. கோலைப் பார்த்ததும் ஜனங்கள் ஒதுங்குகிறார்கள், அது நல்லதுதான். ஆனால் ஒதுங்கும்போது பேச்சையும் நிறுத்திவிடுகிறார்களாம். பாலமே காலியானதுபோல் ஆகிவிடுகிறது என்பது அவர் குறை. விரலால் தடவிப் படிக்கும் புடைப்பெழுத்தும் கற்றுப் பார்த்தார், கைக்கு வரவில்லை. பொத்தான் வரும். முப்பது ஆண்டு பழகிய விரல்கள்.

5. ஆகவே கடைவாசலிலிருந்து அலுவலக வாசல்வரை கைப்பிடியின் அடிப்பக்கத்தில், யார் கண்ணிலும் படாதபடி, பொத்தான்களை ஒட்டினேன். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. "பாலத்தின் எப்பகுதியிலும் எதையும் ஒட்டுதல் குற்றம்" என்ற தங்கள் அறிவிப்புப் பலகை என் கடைக்கு நேர் எதிரே இருக்கிறது. படித்துவிட்டுத்தான் ஒட்டினேன்.

6. பொத்தான்களின் பொருள் வருமாறு. இரண்டு துளைச் சட்டைப் பொத்தான் என்றால் நேராகப் போகலாம். நான்கு துளைக் கோட்டுப் பொத்தான் என்றால் திருப்பம். கொக்கி என்றால் படி. அழுத்திப் பூட்டும் டிச் பட்டன் ஒன்று என்றால் தானாகத் திறக்கும் கதவு. இரண்டாம், மூன்றாம் பாலங்களுக்கு நடுவே உள்ள வங்கிக் கட்டடத்துக்குள் கைப்பிடி இரண்டாகப் பிரிந்து, ஒன்று பாலத்துக்கும் மற்றொன்று தெருவுக்கு இறங்கும் நகரும் படிக்கட்டுக்கும் போகிறது அல்லவா, அங்கே படிக்கட்டுப் பக்கக் கைப்பிடியில் டிச் பட்டன் இரண்டு சேர்த்து ஒட்டியிருந்தேன். இந்தப் பக்கம் வராதீர்கள் என்று அர்த்தம். கடைவாசலில் மட்டும் துணி போர்த்திய பொத்தான். பார்வை போவதற்கு முன் அவர் கடைசியாக வெட்டிய கோட்டின் மிச்சத்துணியில் செய்தது. அதைத் தொட்டதும் கதவைத் தள்ளுவார். மூன்று ஆண்டுகளில் ஒருமுறைகூட வழி தவறியதில்லை. ஏதாவது உதிர்ந்தால், "கதவு தாண்டி ஏழாவது போயிருச்சு" என்று வந்து சொல்வார், நான் ஒட்டிவிடுவேன். தங்கள் துறையின் உதவி எதுவும் இல்லாமல் பராமரிப்பு இவ்வாறு நடந்துவந்தது.

7. ஐந்து மாதங்களுக்கு முன், மூடிய நடைமேம்பாலங்களை ஆராய்வதற்கென்று ஒரு குழு மாநகராட்சி அனுமதியுடன் வந்தது. ஓவியர் மூவர், புகைப்படக்காரர் ஒருவர், ஒலிக்கலைஞர் ஒருவர், சிந்தனையாளர் இருவர். சிந்திப்பது கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு செய்கிற வேலை என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். அவர்கள் மிக மெதுவாக நடந்தார்கள். அலுவலகம் போகும் கூட்டம் அவர்கள்மேல் வந்து மோதியது, அதையும் குறித்துக்கொண்டார்கள். மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்தார்கள். கண்ணாடிச் சுவரில் மருத்துவர் வைப்பதுபோல் குழாய் வைத்துக் கேட்டார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை முழுவதும் பின்பக்கமாக நடந்தார்கள். "இந்தப் பாலத்தில் நடக்கையில் உங்களுக்குள் எழுவது என்ன?" என்று கேட்டு எனக்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள். கால் வலி என்று எழுதினேன். பிறகு அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து முதல் பாலத்தில் தொங்கவிட்டார்கள். அவர்கள் தொங்கவிட அனுமதி உண்டு.

8. அவர்கள் கெட்டவர்கள் என்று நான் எங்கும் சொல்லமாட்டேன். ஒலிக்கலைஞரான பெண் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். பழைய பை ஒன்றுக்கு ஜிப் மாற்றித் தந்தேன், அது ஏறும் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டு போனார்.

9. ஒருநாள் மதியம், தாடி வைத்த சிந்தனையாளர் கீழே விழுந்த மூக்குக்கண்ணாடியை எடுக்கக் குனிந்து, கைப்பிடியின் அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் குழு முழுவதும் தரையில் உட்கார்ந்துவிட்டது. ஒலிக்கலைஞர் என் கடைக்குள் ஓடிவந்து கேட்டதை அப்படியே எழுதுகிறேன்: "அக்கா, நீங்க தினமும் இங்கதானே இருக்கீங்க. இத யார் ஒட்டினாங்கன்னு தெரியுமா?" எதிரே தங்கள் அறிவிப்புப் பலகை. "தெரியாதும்மா" என்றேன். அது பொய். இந்த மனுவில் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய முதல் குற்றம் ஒட்டியது, இரண்டாவது இது. இரண்டாவதுதான் பெரியது.

10. என் கணவர் அப்போது நான்கடி தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, கைப்பிடியைத் தடவியபடியே அவர்களைத் தாண்டி அலுவலகம் போனார். மரியாதையாக வழிவிட்டார்கள். எல்லாரும் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அதன்மேல் போன கையை ஒருவரும் பார்க்கவில்லை.

11. அடுத்த வாரம் வியாழக்கிழமை தங்கள் பராமரிப்புப் பிரிவினர் வந்து, கைப்பிடியையே துண்டு துண்டாக அறுத்துக் குழுவிடம் ஒப்படைத்துவிட்டு, புதுக் கைப்பிடி பொருத்தினார்கள். வேலை அலுவலக முனையிலிருந்து தொடங்கியதால் கடையில் இருந்த எனக்குத் தெரியவில்லை. மதியம் ஒரு மணிக்கு வரவேண்டியவர் வரவில்லை. நான்கு முறை கைபேசியில் அழைத்தேன், எடுக்கவில்லை. கடையைப் பூட்டாமல் ஓடினேன். ஒன்று நாற்பதுக்கு, நகரும் படிக்கட்டு தெருவில் முடியும் இடத்தில், பையை மார்போடு அணைத்துக்கொண்டு விறைப்பாக நின்றிருந்தார். புதுக் கைப்பிடி வழவழவென்று இருந்திருக்கிறது. அது இழுத்த பக்கம் போயிருக்கிறார். ஏன் போனை எடுக்கவில்லை என்று கேட்டேன். "எடுத்தா எங்க இருக்கீங்கன்னு கேப்ப. எனக்குத் தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு" என்றார். வாகனங்கள் போகும் இடத்துக்கும் அவருக்கும் இடையே மூன்று காலடிதான் இருந்தது. அதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

12. வந்த ஞாயிற்றுக்கிழமை நான் மறுபடியும் ஒட்டத் தொடங்கினேன். பதினோரு பொத்தான் ஒட்டியிருந்தேன். திங்கட்கிழமை குழுவினர் அதைக் கண்டுபிடித்துக் கைதட்டினார்கள். கையுறை போட்டுக்கொண்டு, பஞ்சால் துடைத்து, எண் போட்ட உறைகளில் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த ஞாயிறு பத்தொன்பது ஒட்டினேன். அவையும் போயின. இப்போது என்னைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையில் மூன்று காலகட்டங்கள் உள்ளன. பிற்காலப் பொத்தான்களில் ஒருவித அவசரம் தெரிவதாகத் தாடி இல்லாத சிந்தனையாளர் எழுதியிருக்கிறார். அது சரிதான், அவசரமாகத்தான் ஒட்டினேன். அந்தக் கலைஞரை நேரில் காணும் ஆவலில் இப்போது கேமரா பொருத்தியிருக்கிறார்கள். கேமராவுக்குப் பக்கத்திலேயே தங்கள் அறிவிப்புப் பலகையும் இருப்பதால் என்னால் அதன்பின் ஒட்ட இயலவில்லை.

13. முதல் மனுவின் கதையை மேலே சொன்னேன். இரண்டாம் மனுவுக்கு, "களஆய்வு செய்ததில் கைப்பிடி உள்ளது, உறுதியாகவும் உள்ளது, குறை களையப்பட்டது" என்று பதில் வந்தது. மூன்றாவதைப் பண்பாட்டுப் பிரிவுக்கு அனுப்பினேன். பாராட்டுக்கு நன்றி என்று எழுதி, கண்காட்சிக்கு இரண்டு அழைப்பிதழ் வைத்திருந்தார்கள். இருவரும் போனோம்.

14. கண்காட்சி வங்கிக் கட்டடத்தின் கீழ்க்கூடத்தில் நடக்கிறது. உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தே போயிருந்தேன். தாடி வைத்த சிந்தனையாளரிடம், நான்தான் ஒட்டினேன், நான் அன்று சொன்னது பொய் என்றேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "அம்மா, உங்களையும் சேர்த்து ஆறு பேரு இதுவரைக்கும் நான்தான்னு வந்து சொல்லிட்டாங்க. அதுதாம்மா இந்தப் படைப்போட வெற்றி" என்றார். கண் கலங்கியிருந்தார். நான் கைகளை விடுவித்துக்கொண்டு என் கணவரிடம் போனேன்.

15. கைப்பிடித் துண்டுகளை, பொத்தான்கள் தெரியவேண்டும் என்பதற்காகத் தலைகீழாகத் திருப்பி, அழகு வரிசையில் மாட்டியிருந்தார்கள். தொடக்கூடாது என்ற பலகை இருந்தது. என் கணவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை. காவலர் வருவதற்குள் மூன்று துண்டுகளைத் தடவிவிட்டு, "இத நம்பிப் போனா நேரா சுவத்துல போய் முட்டிக்க வேண்டியதுதான்" என்று சிரித்தார். பிறகு, "துணிப் பொத்தான் எங்க?" என்றார். அது தனியாக ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. கீழே 'இன்மை, பெயர் அறியப்படாத கலைஞர்' என்று எழுதியிருந்தது. நான் அவர் கையைப் பிடித்துப் பெட்டியின்மேல் வைத்தேன். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். காவலர் நல்ல மனிதர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

16. அதே கூடத்தில், கிழக்குச் சுவரில், ஆள் உயரப் புகைப்படம் ஒன்று இருக்கிறது. பாலத்தின் கண்ணாடி வழியாக மேலிருந்து எடுத்தது. பையை அணைத்துக்கொண்டு ஒருவர் தெருவோரம் நிற்கிறார். தலைப்பு, 'நகரம் யாருக்காகக் காத்திருக்கிறது?'. அவர் என்னுடைய கணவர். ஒரு மணியிலிருந்து ஒன்று நாற்பதுவரை அவர் என் கடைக்காகக் காத்திருந்தார். இதைத் தலைப்பில் திருத்தும்படி கேட்கவில்லை, தங்கள் தகவலுக்காகத் தெரிவிக்கிறேன்.

17. அன்றிலிருந்து நான்கு நடையும் நான் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறேன். எனக்கு அதில் சிரமம் இல்லை. அவருக்குத்தான். பாலத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு வரும்போது பேசுவதே இல்லை. அலுவலக மேலாளர் ஓர் உதவியாளரை ஏற்பாடு செய்கிறேன் என்றதற்கு, "கொண்டுவந்து இறக்கி, சாயங்காலம் ஏத்திட்டுப் போக நான் என்ன பார்சலா?" என்று கேட்டிருக்கிறார். முப்பதாம் தேதியோடு நின்றுவிடுவதாக ஒரு ராஜினாமாக் கடிதத்தை என்னிடம் சொல்லி எழுதச் சொன்னார். பேனா தீர்ந்துவிட்டது என்று ஒன்பது நாட்களாகச் சொல்லிவருகிறேன். இந்த மனு அந்தப் பேனாவால் எழுதப்படுகிறது.

18. ஆகவே ஐயா அவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். இரண்டாம், மூன்றாம் பாலங்களிலும் வங்கிக் கட்டடத்து நடைவழியிலும், கைப்பிடியின் அடிப்பக்கத்தில் பொத்தான் ஒட்டிக்கொள்ள எனக்கு எழுத்துமூலம் அனுமதி தரவேண்டும். ஒட்டும் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன். அனுமதிக் கடிதத்தின் நகல் ஒன்றைக் குழுவினருக்கும் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அனுமதியோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இருநூற்றுப் பதினான்கையும் திரும்பக் கேட்கவில்லை, என்னிடம் வேறு பொத்தான்கள் உண்டு. பெட்டிக்குள் இருக்கும் துணிப் பொத்தானை மட்டும் தரச்சொல்ல வேண்டும். அந்தத் துணி இனிக் கிடைக்காது. முன்பு அனுமதியின்றி ஒட்டியதற்கு என்ன தண்டனையோ, அதை முப்பதாம் தேதிக்குப் பிறகு ஏற்றுக்கொள்கிறேன். அதுவரை ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் இருக்கிறது, அன்று எனக்கு வேலை இருக்கும் என்று நம்புகிறேன்.

19. இதுவரை எழுதியதை நேற்று மாலை கடையை அடைக்குமுன் என் கணவருக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். ஒன்பதாம் பத்தியைப் படிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. "அன்னைக்கே தெரியும். நீ பொய் சொல்றப்ப மெஷினை நிறுத்திடுவ" என்றார். மூன்று காலடி என்று வந்த இடத்தில் ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டார். பேனா பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இன்று காலை, நான் ஒரு கால்சட்டைக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருக்கும்போது, புறப்பட எழுந்தவர் கேட்டார்: "அந்தப் படத்துல, என் காலர் ஒழுங்கா நின்னுச்சா?"

நின்றது என்று சொன்னேன். மெஷினை நிறுத்தாமலே சொன்னேன். அவர் மறுபடி உட்கார்ந்து, கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று கேட்டார்.

இம்மனுவைத் தாங்களே ஒருமுறை படித்து, முப்பதாம் தேதிக்கு முன் ஆணையிட வேண்டுமென்று இருவரும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,

(கையெழுத்து)
தையல்காரர்

(கையெழுத்து)
தையல்காரரின் கணவர், தொலைபேசி இணைப்பாளர்

இடம்: கடை எண் 4, இரண்டாம் பாலம்.
நாள்: இருபத்து மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை.

இணைப்பு: முந்தைய மூன்று பதில்களின் நகல்கள், பொத்தான்களின் மாதிரி ஓர் அட்டையில். கண்ணை மூடிக்கொண்டு பார்க்கவும்.

குறிப்பு: என் கணவர் கையெழுத்திட வேண்டிய இடம் அவருக்குத் தெரிவதற்காக, அவர் பெயருக்கு மேலே காகிதத்தில் ஒரு சட்டைப் பொத்தான் ஒட்டியிருக்கிறேன். தாங்கள் ஆணையிட்டபின் அதன் நகலைப் பெற்றுக்கொண்டு அவர் மீண்டும் அங்கே கையெழுத்திட வேண்டியிருக்கும். கோப்பில் சேர்க்கும்போது தயவுசெய்து அதை யாரும் எடுத்துவிட வேண்டாம்.